கொதிக்கும் கஞ்சியில் போட்ட உறை

சென்ற ஆண்டு வைகாசியில் தொடங்கி ஆவணி முடிய நடந்தது இது. இடம், சுசீந்திரத்திலிருந்து வயல்வெளி வழியாகப் போகும் பேருந்தில் நாலாவது நிறுத்தமான எங்கள் ஊர். நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடை என்னுடையது. இருபத்தாறு வருடமாக நடத்துகிறேன். மருந்தாளுநர் படிப்புப் படித்துச் சான்றிதழ் வாங்கியவன். அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியும் வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேர் என்னை ‘டாக்டரே’ என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கேட்க நன்றாகத்தானே இருந்தது!

என் மனைவி எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். திருவட்டாறு பக்கம் பிறந்தவள்; பேச்சில் இன்றைக்கும் அந்தப் பக்கத்து இழுப்பு இருக்கும். மூன்று மாடு வைத்திருக்கிறாள். கல்யாணப் பந்தியில் புளிசேரி என்கிற மோர்க்குழம்புக்கும், கடைசியில் ஊற்றுகிற சம்பார மோருக்கும் அவள் தயிர்தான் வேண்டும் என்று சமையல்காரர்கள் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுவார்கள். உறை ஊற்றும் வேலையை மட்டும் யாரிடமும் விடமாட்டாள். காய்ச்சிய பாலை இறக்கி வைத்துவிட்டு, பானையின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை ஒட்டி வைத்து ஒன்று முதல் பத்து வரை எண்ணுவாள். பத்து முடியும் வரை கை தாங்கினால் உறை ஊற்றலாம். ஏழில் கையை எடுக்க வேண்டி வந்தால், இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்று வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். கடை நிறையத் தெர்மாமீட்டர் வைத்திருக்கிறவன் பெண்டாட்டி கையை வைத்தா சூடு பார்ப்பது என்று நான் கிண்டல் செய்வேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். நாகர்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. அறுபது பிள்ளைகள் உள்ள வகுப்பில் கத்திக் கத்தி அவளுக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும். சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி நேரே கடைக்கு வந்து, “அப்பா, தொண்டை” என்பாள். நான் இழுப்பறையைத் திறந்து ஆன்டிபயாட்டிக் மாத்திரையில் ஒரு அட்டையை எடுத்துக் கொடுப்பேன். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மாத்திரை அது. ஆனால் சீட்டெல்லாம் ஊராருக்கு, சொந்த மகளுக்கு எதற்கு என்பது என் கணக்கு. மூன்று நாளில் வலி போய்விடும். மிச்ச மாத்திரையை அவள் பையிலேயே மறந்துவிடுவாள். மாசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை, சித்திரைத் தொடக்கத்தில் ஒரு தடவை. பழையது சரியாகக் கேட்கவில்லை என்று மூன்று தடவையும் வேறு வேறு மாத்திரையாக மாற்றி வேறு கொடுத்தேன். மகளை டாக்டர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க விடாமல் வைத்திருக்கிறேன் என்று மனசுக்குள் பெருமைதான்.

பள்ளிக்கு விடுமுறை விட்டு வைகாசி பிறந்ததும் அவளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. முதல் நாள் ஐந்தாறு தடவை. எங்கேயோ கடையில் தின்றிருப்பாள் என்று நினைத்தேன். போக்கை நிறுத்துகிற மாத்திரை கொடுத்தேன். இரண்டாம் நாள் பத்துத் தடவைக்கு மேல் போனாள். இன்னொன்று கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. வயிறு உப்பி, தொட்டாலே வலிக்கிறது என்று சுருண்டு படுத்துவிட்டாள். எழுந்து நடக்கச் சுவரைப் பிடித்தாள். நான் மூன்றாவது மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது என் மனைவி கையைக் கழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

“இது உங்க கடையில நிக்கப்பட்ட தீனம் இல்ல. ஆட்டோவ விளியுங்க” என்றாள்.

நோயைத் தீனம் என்றும், கூப்பிடுவதை விளி என்றும் சொல்லுவது அவள் ஊர்ப் பழக்கம். வழக்கமாக அதற்கும் கிண்டல் செய்வேன். அன்றைக்கு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். குடல் நோய் பார்க்கும் டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டார். “பக்கத்து மெடிக்கல்ல வாங்கி ஒரு தடவ சாப்பிட்டா” என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். அந்தப் பக்கத்து மெடிக்கல் யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று தடவை ஒன்றானது. போக்கை நிறுத்தக் கொடுத்த மாத்திரைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. படுக்கையில் கிடந்த மகள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். என் மனைவி மட்டும் அந்தப் பார்வையைக் கவனித்துவிட்டாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பரிசோதனையில் விஷயம் தெரிந்தது. குடலில் ஒரு பொல்லாத பாக்டீரியா பெருகியிருந்தது. நம் குடலில் எப்போதும் கோடிக்கணக்கில் நல்ல பாக்டீரியாக்கள் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும், அதனால் கெட்டதற்கு இடம் கிடைக்காது, ஆன்டிபயாட்டிக் அந்த நல்லவற்றையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் காலி இடத்தில் கெட்டது குடியேறிவிடும் என்று டாக்டரம்மா விளக்கினார். எல்லாம் நான் படித்த பாடம்தான். பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். என் மகள் வயிற்றில் அதைச் செய்து பார்த்தவனும் நான்தான்.

அந்தக் கிருமிக்கென்று இருக்கிற மருந்தைக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் ஏறியது. ஒரு வாரத்தில் தெளிந்தாள். வீட்டுக்கு வந்து, மருந்து முடிந்து, பன்னிரண்டாம் நாள் மறுபடியும் தொடங்கியது. அதே காய்ச்சல், அதே வலி. இந்தத் தடவை அவளிடம் நோயோடு சண்டை போடக்கூடச் சத்து இல்லை. ஆனிச் சாரலில் நனைந்துகொண்டு ஆட்டோவில் போகும்போது அவள் தலை என் தோளில் இருந்தது. எடையே தெரியவில்லை.

டாக்டரம்மா இரண்டாம் முறை அதே மருந்தைக் கொஞ்சம் நீண்ட நாளுக்கு எழுதினார். கூடவே புரோபயாடிக் பொடி ஒன்றும் எழுதினார். அப்போது அவர் சொன்னதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். இந்தப் பொடி நோயைக் கொல்லாது. கொல்லுகிற வேலை மாத்திரையுடையது. காலியாகக் கிடக்கும் இடத்தில் நல்லது வந்து உட்கார இது உதவி செய்யலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தரும் என்றும் சொல்ல முடியாது, ரொம்பவும் எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களுக்குக் கொடுக்கவும் மாட்டோம். உங்கள் மகளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். மூன்றாம் முறையும் நோய் திரும்பினால் திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டிவரும், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்பதுதான் கவலை என்றார். மூன்றாம் முறை என்ற சொல் வீடு வரைக்கும் எங்கள் கூடவே வந்தது.

வீட்டில் மருந்து கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மனைவியைப் பக்கத்தில் விடவில்லை. மருந்து என்றால் என் இலாகா, மாடு என்றால் அவள் இலாகா! எங்கள் பக்கத்தில் வயிற்றுக் கோளாறு வந்தவர்களுக்குப் பச்சைத் தண்ணீரைக் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். சீரக வெள்ளம் என்று சொல்லுகிற, சீரகம் போட்டுக் கொதித்த தண்ணீர், இல்லையென்றால் ஆவி பறக்கிற கஞ்சி, இவைதான். மகளுக்கும் சூடாக எதையாவது குடித்தால்தான் வயிற்றுப் பிடிப்பு அடங்கும். அதனால் நான் மாத்திரையைக் கையில் கொடுத்து, பொடியைக் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியில் தட்டி, நன்றாகக் கலக்கி, ஊதி ஊதிக் குடிக்கச் செய்தேன். இரண்டும் ஒரே நேரத்தில். ஒரு துளி மிச்சம் வைக்க விடமாட்டேன். கடையில் எத்தனையோ பேருக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, பால் ஊற்றி முடித்துவிட்டு என் மனைவி அடுக்களைக்குள் வந்தாள். நான் பொடியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தப் பிரித்த பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“இது என்ன பொடி? லேசாப் புளிச்ச மணம் வருகே.”

“சொன்னா உனக்கு மனசிலாவாது” என்றேன். அவள் சொல்லையே எடுத்து அவளைக் கிண்டல் செய்வது என் பழக்கம். பிறகு என் படிப்பைக் காட்டாமல் விட மனசில்லை. “இது உசிருள்ள மருந்தாக்கும். நல்ல கிருமி. உன் தயிருல இருக்குல்லா, அந்த இனம்.”

அவள் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தாள். ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். இரண்டு எண்ணுவதற்குள் வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

“உசிருள்ளதுன்னா பின்ன என்னத்துக்கு இந்தக் கொதியில கொண்டு தட்டுகியோ? அது சாவாதா?”

“ஏட்டி, நான் இருபத்தாறு வருஷமா மருந்து விக்கேன்.”

“நான் முப்பது வருஷமா உறை ஊத்துகேன்” என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பால்கணக்குச் சொல்லுகிற குரல்தான். எனக்குக் கோபம் வந்தது. கம்பெனிக்காரன் என்ன முட்டாளா, இவ்வளவு பெரிய ஆராய்ச்சி செய்து உண்டாக்கியது உன் மோர் மாதிரி இருக்குமா என்று ஏதேதோ பேசினேன். அவள் ஒரு பொடியை எடுத்துக்கொண்டாள். இரண்டு டம்ளரில் பால் எடுத்தாள். ஒன்றில் அடுப்பிலிருந்து இறக்கிய தளதளக்கும் பால். இன்னொன்றில் பத்து எண்ணும் வரை கை தாங்குகிற பால். பொடியைப் பாதிப் பாதியாகப் போட்டுக் கலக்கினாள்.

நானும் விடவில்லை. உன் அடுக்களையில் காற்றில்கூட உறை இருக்கும், எதுவும் போடாத பாலே தயிராகிவிடும் என்று சொல்லி, அதே காய்ச்சின பாலில் வெறும் பால் ஒரு டம்ளர் மூன்றாவதாக வைத்தேன். அந்தச் சோதனையில் என் பங்கு அது ஒன்றுதான். மூன்றையும் மூடி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். அன்றைக்கு மகளுக்குப் பொடியைக் கொடுக்க வேண்டாம், மாத்திரையை மட்டும் கொடுப்போம், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். நானும் சரி என்றேன். உள்ளுக்குள் நாளைக்கு இவளை எப்படிக் கிண்டல் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது மூன்று டம்ளரும் மேசைமேல் இருந்தன. மூடியைத் திறக்காமல் எனக்காக வைத்திருந்தாள். மகளும் கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நானே திறந்தேன். வெறும் பால், பாலாகவே இருந்தது. கொதிப்பில் போட்டதும் பாலாகவே இருந்தது, அடியில் பொடி மட்டும் வெள்ளையாகப் படிந்திருந்தது. பத்து எண்ணின டம்ளரைச் சாய்த்தேன். அசையவில்லை. என் மனைவி போடுகிற தயிர் மாதிரிக் கெட்டி இல்லைதான், கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது. ஆனால் உறைந்திருந்தது.

மகள்தான் முதலில் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். “அம்மாவுக்கு நூத்துக்கு நூறு. அப்பா ஃபெயிலு” என்றாள், ஆசிரியை குரலில்.

நான் சாப்பிடாமல் கடைக்கு ஓடினேன். அந்தப் பொடியின் பெட்டிக்குள் எப்போதும் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். இருபத்தாறு வருடமாக அந்த மாதிரித் தாள்களை நான் எதற்குப் பயன்படுத்தினேன் தெரியுமா? ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் மடித்து வைக்க. அன்றைக்கு முதல் முறையாக விரித்துப் படித்தேன். எறும்பு மாதிரி எழுத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. சூடான எதிலும் கலக்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அதற்கும் இதற்கும் இடைவெளி விட வேண்டும். வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால், மேற்கு வெயில் நேராக விழுகிற கண்ணாடி அலமாரியில் அந்தப் பெட்டிகளை அழகாக அடுக்கி வைத்திருக்கிறேன்!

தாளை எடுத்துக்கொண்டு வந்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் ஜெயித்த முகம் காட்டுவாள், இரண்டு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறு ஒன்று சொன்னாள். நாளைக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறோம், இதையும் சொல்லணும், மற்றதையும் சொல்லணும் என்றாள். மற்றது என்ன என்று நான் கேட்கவில்லை.

“மூணு தடவையும் நீங்கதான் குடுத்தியோ. பிள்ள உங்க மொகத்தப் பாத்துட்டு மிண்டாம கெடந்தா. நானும் மிண்டல. இனி மிண்டாம இருந்தா என் பிள்ளைக்கு ஆவாது” என்றாள். பேசாமல் இருந்ததைத்தான் மிண்டவில்லை என்றாள். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

மறுநாள் டாக்டரம்மா அறையில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். கடையில் எத்தனை பேருக்கு அறிவுரை சொல்லியிருப்பேன். என்னைப் பற்றி ஒரு வரி சொல்ல நாக்கு எழும்பவில்லை. அப்போது என் மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள்.

“டாக்டரம்மா, எனக்குப் படிப்பு கெடையாது. கேட்டா தப்பா நெனைக்கப்பிடாது. இந்தப் பொடி உறை மாதிரிதானே? கொதியில போட்டா செத்துரும்லா? ரெண்டு நாளா நாங்க கொதிக்கப்பட்ட கஞ்சியிலதான் குடுத்தோம். பின்ன, கிருமியக் கொல்லுற மாத்திரையையும் இதையும் ஒண்ணாக் குடுத்தா, அந்த மாத்திரை இதையும் கொல்லாதா?”

‘நாங்க’ என்றாள் பாருங்கள். கஞ்சியில் தட்டியது நான் ஒருவன்தான். அந்த ஒரு சொல்லில் என் பாதிப் பாரத்தை அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கு அதன் பிறகுதான் பேச வாய் வந்தது. மூன்று தடவை மாத்திரை கொடுத்தது நான்தான், கடை என்னுடையது, நிறுத்துகிற மாத்திரையும் நான்தான் கொடுத்தேன் என்று மளமளவென்று சொல்லி முடித்தேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்மீது கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. இந்த நோயில் போக்கைக் கட்டி நிறுத்தினால் விஷம் உள்ளேயே நின்று குடலைக் கெடுத்துவிடும், நல்லவேளை தப்பித்தாள் என்று மட்டும் சொல்லி, எல்லாவற்றையும் மகளின் கோப்பில் எழுதிக்கொண்டார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார். “நீங்க கேட்ட ரெண்டும் சரியான கேள்வி. வெதுவெதுப்புக்கு மேல சூடு கூடாது. மாத்திரைக்கும் பொடிக்கும் குறைஞ்சது ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. இதை நானே முதல் நாள் சொல்லியிருக்கணும். வீட்டுக்காரர் மருந்துக்கடைன்னு பதிவுத்தாள்ல இருந்துச்சு, அதனால தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்” என்றார்.

மூன்று டம்ளர் கதையை நான்தான் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த மூன்றாவது டம்ளர் யார் யோசனை என்று கேட்டார். என்னுடையது என்றேன். பரவாயில்லை, படிப்பு வீணாகவில்லை என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

என் மனைவி கடைசியாக ஒன்று கேட்டாள். அப்படியென்றால் என் தயிரையே கொடுத்தால் போதாதா? டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். தயிர் நல்ல உணவு, வயிறு தெளிந்த பிறகு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அதில் எந்த இனம், எத்தனை இருக்கிறது என்று அளவு தெரியாது. மருந்துக்கு அளவு வேண்டும். என் மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. ஊரெல்லாம் கேட்டு வாங்குகிற தயிரை ஒருத்தர் அளவு தெரியாதது என்று சொன்னால் பின்னே எப்படி இருக்கும்? திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பேருந்து ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டாள்.

அன்று முதல் மருந்து அவள் இலாகா. மாத்திரைக்கு ஒரு நேரம், பொடிக்கு ஒரு நேரம் என்று கறவையை வைத்தே பிரித்துக்கொண்டாள். காலையில் மாட்டுக்குப் பிண்ணாக்கு வைக்கும்போது மாத்திரை. கறந்து, வீடுகளுக்கு ஊற்றி, தொழுவம் கழுவி முடித்து வந்தால் மூன்று மணி நேரம் ஆகியிருக்கும், அப்போது பொடி. கொதித்து நன்றாக ஆறின சீரக வெள்ளத்தில்தான் கலக்குவாள். ஆறியது கண்ணுக்கே தெரியும். இருந்தாலும் டம்ளரில் உள்ளங்கையை வைத்து ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணாமல் கலக்கமாட்டாள். மகளும் கூடவே எண்ணுவாள். சில நாள் நானும். பொடியைக் கலக்கும் முன் மூன்று பேரும் பத்து எண்ணுவது எங்கள் வீட்டில் சாமி கும்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது.

மாத்திரை முடிந்தது. டாக்டர் சொன்னபடி பொடி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொடர்ந்தது. இனித்தான் எங்களுக்குப் பயம். போன தடவை பன்னிரண்டாம் நாள் திரும்பிய நோய் அல்லவா? பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அன்றைக்கு நான் கடையைத் திறக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு. மகள் முற்றத்தில் நடக்கத் தொடங்கினாள். பதினைந்தாம் நாள் காலை அடுத்தடுத்து மூன்று தடவை கழிப்பறைக்குப் போனாள். மூன்றாவது தடவை கதவு சாத்தின சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். திருவனந்தபுரம் போகிற பையை எடுத்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி என்னைத் தாண்டிப் போய் அடுக்களை மூலையில் மூடி வைத்திருந்த கூடையைத் திறந்தாள். அவள் பிறந்த வீட்டிலிருந்து முந்தின நாள் வந்த வரிக்கச் சக்கை அது, நல்ல பலாப்பழம். முக்கால்வாசி காலி.

“பாத்தேளா, உங்க மகளுக்க வேலைய! கள்ளி, ராத்திரி எல்லாச் சொளையையும் தின்னு தீத்திருக்கா” என்றாள். சொல்லிக்கொண்டே கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கும் அப்படித்தான். வெளியே வந்த மகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள்.

அது சக்கைதான். சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. இரண்டு மாதம் தாண்டிவிட்டால் பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், அந்தக் கெடுவும் தாண்டிப் போயிற்று. மூன்றாம் முறை வரவே இல்லை. இப்போது அவள் பழையபடி பள்ளிக்குப் போகிறாள், பழையபடி கத்துகிறாள்.

ஒன்றை மட்டும் மருந்து விற்கிறவனாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடி ஒன்றினால்தான் பிழைத்தாள் என்று நான் சொல்லமாட்டேன், டாக்டரம்மாவும் சொல்லவில்லை. கிருமியைக் கொன்றது மாத்திரை. தேவையில்லாத மாத்திரைகளை நிறுத்தியது பாதி வைத்தியம். திரும்பி வராமல் இருக்கப் பொடியும் கை கொடுத்திருக்கலாம். ஆனால் எது எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்யவிட்டவள் என் மனைவி. உண்மையை டாக்டர் அறைக்குள் கொண்டுபோனவளும் அவள்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது கடையில் அந்தப் பொடியெல்லாம் குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக் கதவில் என் மனைவி கையால் எழுதின அட்டை ஒட்டியிருக்கிறேன்: ‘இது உறை. சூட்டில் போடாதீங்க. மாத்திரையோடு சேர்த்துக் குடிக்காதீங்க.’ எழுத்து கொஞ்சம் கோணல்தான். அச்சடித்து ஒட்டலாமே என்று மகள் சொன்னாள். மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் அந்த அட்டையை நின்று படிக்கிறார்கள். பக்கத்தில் மாட்டியிருக்கிற என் சான்றிதழை இதுவரை ஒருத்தரும் படித்ததில்லை. டாக்டரம்மாவும் இப்போதெல்லாம் நோயாளிகளிடம் ‘இது உறை மாதிரி’ என்றுதான் சொல்லுகிறாராம். போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ் சொன்னார். என் மனைவி கேட்டுக்கொண்டாள், அன்றைக்குப் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கேட்டு வருகிறவர்களை இப்போது டாக்டரிடம் அனுப்பிவிடுகிறேன். சிலர் முறைத்துவிட்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். ஒரு சாயங்காலம் மகள் பேருந்திலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தாள். “அப்பா, தொண்டை” என்றாள். என் கை பழக்கத்தில் இழுப்பறைக்குப் போய்விட்டது. கைப்பிடியைத் தொட்டதும் நின்றேன். “உப்பு வெள்ளத்துல கொப்புளி மக்ளே. ரெண்டு நாள்ல போகலேன்னா டாக்டர்ட்ட போவோம்” என்றேன். அவள் கல்லாவில் கையூன்றிச் சிரித்தாள். என்னைச் சோதித்துப் பார்க்கத்தான் கேட்டிருக்கிறாள், கள்ளி!

டாக்டரே என்று கூப்பிடுகிறவர்களிடம் இப்போது நான் டாக்டர் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு அவர்களுக்கு என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கொஞ்ச நாள் குழப்பம். டம்ளர் கதை ஊர் முழுக்கப் பரவிய பிறகு அவர்களே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் அவளைத்தான் மெடிக்கல்காரர் பெண்டாட்டி என்று அடையாளம் சொல்லுவார்கள். இப்போது சந்தையில் யாராவது என்னைப் பார்த்து, “தயிர்க்காரி மாப்பிளே!” என்று உரக்கக் கூப்பிட்டால், வேறு எந்தப் பெயருக்கும் திரும்பாத வேகத்தில் நான் திரும்பிப் பார்க்கிறேன்.